மிலிட்டரிப் பெரியப்பாவுக்கு எண்பது

மிலிட்டரிப் பெரியப்பாவுக்குப் பிறந்தநாள் இரண்டு. பட்டாளத்து ஏட்டில் இருப்பது 1945 ஜூன் 1. பள்ளியில் சேர்க்கும்போது வயதுக் கணக்கு ஒத்துவர வேண்டும் என்று வாத்தியார் எழுதிய தேதி அது. அவருடைய அம்மா சொல்லிவைத்த கணக்கு வேறு: "வெள்ளைக்காரன் சண்டை முடிந்த வருஷம், ஐப்பசி அடைமழை, திருவோணம்." அவருடைய எண்பதாம் பிறந்தநாளை ஊர் சேர்ந்து நடத்துவது என்று 2025 ஆகஸ்டில் நாங்கள் பத்துப் பேர் டீக்கடை வாசலில் முடிவெடுத்தபோது, முதல் பேச்சே எந்தத் தேதியில் என்பதுதான்.

வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில், கணியம்பாடியைத் தாண்டி உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இவர் 1963-இல், சீனச் சண்டைக்கு மறுவருஷம், பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அந்தப் படையின் வேலை. 1981-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். கைக்கு வந்த பணத்தோடு பெரியம்மாவின் நான்கு வளையல்களும் சேர்ந்துதான் பன்னிரண்டு வாடகை சைக்கிளும் ஒரு காற்றடிக்கும் பம்பும் ஆயின. கடைக்கு அவர் வைத்த பெயர் வேறு. ஊர் சொன்னது 'மிலிட்டரி சைக்கிள் கடை'.

நான் அந்தக் கடையில் இரண்டு கோடை விடுமுறை வேலை பார்த்தவன். மணிக்கு ஒரு ரூபாய் வாடகை இருந்த காலம். வாடகை நோட்டில் சைக்கிள் எடுத்த நேரத்தை 1430 என்றும் திரும்பிய நேரத்தை 1615 என்றும்தான் எழுத வேண்டும். மாலை நான்கு மணி என்று யாராவது எழுதினால் கோடு போட்டு அடிப்பார். எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு ரயில் நேரம் பார்க்கச் சிரமமே இல்லாததற்கு அந்த நோட்டுதான் காரணம்.

எங்கள் முதல் திட்டம் பெரிதாக இருந்தது. மேடை, டாங்கிப் படம் போட்ட இருபதடி ஃபிளெக்ஸ், மூவர்ணத்தில் ஒரு கேக், பொன்னாடை, பேச்சாளர்கள். நாள், டிசம்பர் 16. 1971 போரில் வெற்றி பெற்ற நாள் அது. அந்தப் போரில் இருந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது என்று நாங்களே பேசி முடித்துவிட்டோம். பந்தல்காரரிடம் முன்பணம்கூடக் கொடுத்தாயிற்று. அதன் பிறகுதான் அவரிடம் சொல்லப் போனோம்.

அவர் ஒரு ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துவிட்டுப் பேசினார்.

"டிசம்பர் பதினாறில் கடை என்றைக்காவது திறந்து பார்த்திருக்கிறாயா?"

இல்லை. பொங்கலுக்கும் அந்த ஒரு நாளுக்கும்தான் கடைக்கு விடுமுறை. ஏதோ விரதம் என்று சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்கவே தோன்றவில்லை.

"அது என் நாள் இல்லை, கண்ணு. திரும்பி வராதவர்களின் நாள். அன்றைக்கு நான் மாலை போட்டுக்கொண்டு உட்கார முடியாது." கேக் பற்றியும் சொன்னார்: "கொடியின் நிறத்தைக் கத்தியால் வெட்டச் சொல்கிறாயா?" கோபமாகச் சொல்லவில்லை. எங்களால் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது தங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு இப்படி விழா எடுக்க நினைத்தால், நான் முதலில் சொல்வது இதுதான்: முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். எதிர்பாராத மகிழ்ச்சி தருகிறோம் என்று மறைத்து வைக்காதீர்கள். எண்பது வருஷம் வாழ்ந்தவருக்கு எந்த நாள் எதற்கு உரியது என்று ஒரு கணக்கு இருக்கும். அது நமக்குத் தெரியாது.

பிறகு என்னதான் வேண்டும் என்று கேட்டோம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்றே விஷயம். அரசுப் பள்ளியின் பின்பக்கக் கொட்டகையில் கிடக்கும் பழுதான சைக்கிள்கள் ஓட வேண்டும். வாடகை நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதிவைத்திருக்கும் ஆறு பெயர்களை யாராவது சத்தமாக, தப்பில்லாமல் படிக்க வேண்டும். சித்தூர்ப் பக்கம் ஒரு நண்பர் இருந்தார், இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

தேதியை ஐப்பசித் திருவோணத்துக்கு அடுத்த ஞாயிறு என்று வைத்தோம். உறவினர் சிலர் சதாபிஷேகமாகச் செய்யலாமே என்றார்கள். ஆயிரம் முழுநிலவு கணக்குப்படி எண்பது வயதும் பத்து மாதமும் ஆக வேண்டும் என்றார் ஒருவர். பெரியம்மா இல்லாமல் அந்தச் சடங்கு எப்படி என்றார் இன்னொருவர். அவள் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. பெரியப்பா இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, ஹோமம் வேண்டாம், அவள் படத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்தால் போதும் என்றார். பேச்சு அதோடு நின்றது. இந்த மாதிரி விஷயத்தில் உறவினர்களை ஒருவரோடு ஒருவர் வாதாட விடாமல், பெரியவர் வாயாலேயே ஒரே தடவை சொல்ல வைத்துவிடுவது நல்லது.

ஓய்வூதிய விஷயம் தற்செயலாக வெளிவந்தது. அழைப்பிதழுக்காக, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெருக்காரர் கேட்டார்: "ஜூனிலேயே எண்பது ஆகிவிட்டதே, கூடுதல் ஓய்வூதியம் வந்ததா?" யாருக்கும் தெரியவில்லை. படைவீரர் உட்பட மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுபவருக்கு எண்பது வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். எண்பது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்கு. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும், அவருடைய வயதை வைத்து, இதே விகிதம்தான்.

பெரியப்பாவுக்கு அது வரவில்லை. அவருடைய அடையாள அட்டை ஒன்றில் பிறந்த தேதி 1-1-1947 என்று இருந்தது. பதிவு செய்தவர் கேட்டபோது வீட்டில் யாரோ உத்தேசமாகச் சொன்னது. டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, அடையாள அட்டை மூன்றிலும் ஒரே தேதி இருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய ஐந்து நடை ஆயிற்று. ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் அவருடைய கணக்கைத் திறந்து, திருத்தம் கோரி, ஆவணங்களை ஏற்றினோம். விழாவுக்கு முந்தைய மாதம் நிலுவையோடு பணம் வந்தது. நாங்கள் கொடுத்த எந்தப் பரிசையும்விட அது பெரிய தொகை. உங்கள் வீட்டில் எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வயதில் ஒரு ஓய்வூதியர் இருந்தால் இன்றைக்கே அந்த மூன்று தாள்களையும் எடுத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இவருடையது பால்ரஸ் டப்பாவுக்கு அடியில், கிரீஸ் கறையோடு கிடந்தது.

பதக்கங்கள் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு பிஸ்கட் டின்னில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். 1971-இல் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் பதக்கம், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் என்று ஐந்தாறு. பட்டுப்பட்டை எல்லாம் இற்றுப்போயிருந்தன. மங்கலாக இருக்கிறதே என்று, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளி போட்டு நட்சத்திரத்தைத் தேய்த்துவிட்டேன். ஐம்பது வருஷத்துப் பழுப்பு நிறம் போய்ப் புதுச் செம்புபோல் பளபளத்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். பிறகு அதன் ஓரிடத்தைக் காட்டினார். அதில் அவருடைய படை எண்ணும் பெயரும் பொடியாகப் பொறித்திருக்கின்றன. இன்னும் இரண்டு தரம் தேய்த்திருந்தால் அதுவும் மழுங்கியிருக்கும். பதக்கத்தை உலர்ந்த மென்துணியால் துடைப்பதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். பட்டுப்பட்டையை மட்டும் புதிதாக வாங்கி வரிசைப்படி கோத்துக்கொள்ளலாம். வரிசை தெரிந்த முன்னாள் படைவீரர் ஒருவரைக் கேட்டுச் செய்யுங்கள். பெற்றவர் இடது மார்பில் அணிவார். அவர் மறைந்த பின் பிள்ளைகள் அணிந்தால் வலது மார்பில். மேடையில் பேரனுக்கு இடது பக்கம் குத்திப் படம் எடுப்பதை நான் வேறு விழாக்களில் பார்த்திருக்கிறேன்.

நண்பரைத் தேடியதும் பதக்கம் பார்த்ததும் சேர்ந்து, அவரைப் பேச வைத்தன. நானாகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். கேமராவை முகத்துக்கு முன் நிறுத்தி 'உங்கள் போர் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்ட கல்லூரிப் பையனிடம் அவர் சொன்னது, "குளிர் அதிகம்" என்ற இரண்டே வார்த்தை. பையன்களிடம் நாங்கள் முன்கூட்டியே ஒன்று சொல்லிவைத்தோம்: எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. கேட்கத் தோன்றினால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். எனக்கு அவர் சொன்னது, ஒரு மாலை கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டே. போன் பக்கத்து ஸ்டூலில் கிடந்தது. பதிவாகட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார்.

மேற்கு முனையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரை. 1971 டிசம்பர் 15 இரவு. காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் காலூன்றிவிட்டது. பின்னால் டாங்கிகள் போயாக வேண்டும். வழியெல்லாம் கண்ணிவெடி. பாதை திறப்பது சாப்பர்களின் பொறுப்பு. பாதை முழுவதும் திறக்கும் முன்பே டாங்கிகள் அந்த வெடி வயலுக்குள் இறங்கிப் போனதும், மறுநாள் 21 வயது டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்ரபால் அங்கே டாங்கிக்குள் உயிர்விட்டுப் பரம் வீர் சக்ரா பெற்றதும் வரலாற்றில் இருக்கின்றன. பெரியப்பா சொன்னது விரல்களைப் பற்றி. வெடி தேடும் கம்பியைச் சாய்த்துத்தான் மண்ணில் குத்த வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தும். சாய்த்துக் குத்தினால் விலாவில் படும். பட்டதும் கை தெரிந்துகொள்ள வேண்டும், கல்லா, வேரா, இரும்பா என்று. கையுறை போட்டால் தெரியாது. அந்தக் குளிரில் வெறும் விரல். வெடி எடுத்து முடித்த பாதையை லேன் என்பார்கள். அதன் இரண்டு ஓரத்திலும் வெள்ளை நாடா இழுத்துக்கொண்டே போவார்கள். நாடாவுக்கு உள்ளே கால் வைத்தால் உயிர், வெளியே வைத்தால் இல்லை.

சொல்லிக்கொண்டே அவர் அந்த டயரின் உள்பக்கத்தில் விரல்களை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கருவேல முள்ளின் நுனி, கண்ணுக்கே தெரியாதது, ஆள்காட்டி விரலில் தட்டுப்பட்டது. குறடால் பிடுங்கி எடுத்தார். சிறுவனாக இருந்தபோது இதற்காக அவரிடம் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன்! டியூபைத் தண்ணீரில் அழுத்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, பெருமையோடு நிமிர்வேன். "டயரைத் தடவிப் பார்த்தாயா?" என்பார். முள் உள்ளேயே இருந்தால் ஒட்டியது வீண். முப்பது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அந்த விரல்கள் எங்கே பழகின என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் நெடுநேரம் யாரிடமும் பேசவில்லை.

பள்ளிக் கொட்டகையில் இருபத்து மூன்று சைக்கிள்கள் கிடந்தன. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்தவற்றில், படித்து முடித்துப் போனவர்களும் தம்பி தங்கை இல்லாதவர்களும் பழுதானதும் விட்டுப்போனவை. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கினோம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பள்ளிக்குள் கிடக்கும் பொருளை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. கடையில் பழகிப்போனவர்கள் ஆறு பேர் வந்தோம். ஒருவன் லாரி ஓட்டுகிறான், ஒருவன் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் இருக்கிறான், கத்தாரில் இருப்பவன் வர முடியாமல் டயருக்கும் டியூபுக்கும் பணம் அனுப்பினான். இரண்டு சனி, ஞாயிறு வேலை நடந்தது. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார் என்று நினைத்தோம். ரிம் கோட்டம் முழுவதையும் அவரே எடுத்தார். போக்ஸ் கம்பியை விரலால் சுண்டி, சத்தம் கேட்டு, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொன்னார். காது சரியாகக் கேட்காதவர் அவர். அந்தச் சத்தம் மட்டும் எப்படிக் கேட்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பத்தொன்பது சைக்கிள்கள் எழுந்தன. நான்கைப் பிரித்து உதிரிக்கு எடுத்தோம்.

பெரியவரைக் கௌரவிக்க வேண்டும் என்றால் அவருடைய வேலையை அவரோடு சேர்ந்து செய்யுங்கள் என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நான்கு நாட்களில் அவர் சிரித்ததுபோல் விழாவன்று சிரிக்கவில்லை.

விழா ஏற்பாட்டில் சின்ன விஷயங்கள்தான் அவரைக் காப்பாற்றின. கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி. சோபாவில் அமிழ்ந்தால் இந்த வயதில் எழ முடியாது. மேடை இல்லை, எல்லோரோடும் சமதளம். மொத்த நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம், பேச்சு ஒருவருக்கு மூன்று நிமிடம், மணி அடித்தவன் லாரி ஓட்டுபவன், யார் முகத்தையும் பார்க்க மாட்டான். ஒலிபெருக்கி அவர் காதுக்கு எதிரில் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உரிய நேரம் தவறவில்லை. பொன்னாடை ஒன்றே ஒன்று, ஊர் சார்பில். தனித்தனியாகக் கொண்டுவந்தவர்களிடம் வாங்கி மேசையில் வைத்துவிட்டோம். இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள், பிறகு புரிந்துகொண்டார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்தோம். சித்தூர் நண்பரைக் கண்டுபிடித்தது முன்னாள் சாப்பர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் தொடர்பு வழியாக: ஒரு எண், அந்த எண்ணிலிருந்து இன்னொரு எண். நான்காவது அழைப்பில் ஒரு பெண் தெலுங்கில் பேசினார். மாமனார் இருக்கிறார், நடக்கிறார், வருவார் என்றார்.

முந்தைய வாரம் முழுவதும் மழை. ஞாயிறு காலை வெறித்திருந்தது. ஆனால் சாலையிலிருந்து பந்தல் வரைக்கும் வெறும் சேறு. நான் ஆறு மணிக்குப் போனபோது பெரியப்பா அங்கே இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தடியோடு மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து நடந்தார். கெட்டியான இடத்தில் குச்சி நட்டு, தையற்கடையில் வாங்கிய வெள்ளை நாடாவை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டே வந்தார். வயதானவர்கள் வருவார்கள், வழுக்கக் கூடாது என்றார். நான் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். பள்ளி மாணவி ஒருத்தி அந்த ஆறு பெயர்களையும் படித்தாள். இரண்டு தெலுங்கு, ஒன்று மலையாளம், மூன்று தமிழ்ப் பெயர்கள். ஒரு வாரம் அவரிடமே உச்சரிப்புக் கேட்டுப் பழகியிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் எழுந்து நின்றார்; உட்காருங்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆறாவது பெயருக்குப் பிறகு ஊர் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. மாணவிகள் பத்தொன்பது சைக்கிள்களையும் பந்தலைச் சுற்றி ஓட்டி வந்தார்கள். சாப்பாடு போட்டோம். சித்தூர்க்காரர் மட்டும் வரவில்லை. பெரியப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பஸ் நின்றது. மருமகள் கையைப் பிடித்து ஒரு பெரியவரை இறக்கினார். பழைய கோட்டு, இடது மார்பில் பதக்கங்கள். கையை விடுவித்துக்கொண்டு சேற்றின் விளிம்புவரை தனியாக வந்தார். அங்கே வெள்ளை நாடாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

மதராஸ் சாப்பர்ஸ் படையினரைத் தம்பி என்றுதான் ராணுவத்தில் அழைப்பார்கள். அவர்களும் தங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தம்பி," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் எண்பத்திரண்டு வயதுக்காரர். "லேன் கிளியரா?"

பெரியப்பா கை கழுவாமலே எழுந்துவிட்டார்.

"கிளியர், தம்பி. வா."